60-ஐத் தாண்டினால் மட்டும் வரும் மெல்லிய ரீங்காரம்: காரில் அது எங்கிருந்து வருகிறது?

கேள்வி சுருக்கமாக: ஆறு வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக், எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு "ஊ..." சத்தம். பாட்டு ஓடினால் கேட்காது. ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றினால் தெளிவாகக் கேட்கும். இரண்டு பட்டறைகளில் காட்டியும் "ஒண்ணும் இல்லையே சார்" என்றுதான் பதில். எப்படிக் கண்டுபிடிப்பது, அதுவரை ஓட்டலாமா?

கண்டுபிடித்துவிடலாம். பட்டறைக்காரர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு என்றால் 30, 40-க்கு மேல் போக இடம் ஏது? 60-க்கு மேல் பிறக்கும் சத்தம் அவர்கள் காதில் விழவே வாய்ப்பில்லை. ஆகவே பாதி வேலையை நீங்களே முடித்துக்கொண்டு போவதுதான் வழி.

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். சத்தம் கேட்டதும் எல்லாரும் "எங்கிருந்து வருது?" என்று காதைத் தீட்டுவார்கள். கார் உடம்பு முழுக்க வெல்டு வைத்த இரும்புக் கூடு. ஒரு மூலையில் பிறக்கும் அதிர்வு சப்ஃபிரேம், கதவுக்கு அடியில் ஓடும் பீம் என்று பயணம் செய்து வேறெங்கோ தகடு இளகிய இடத்தில் சத்தமாக வெளிவரும். பின்சக்கரச் சத்தம் டேஷ்போர்டுக்குள் கேட்பது சர்வசாதாரணம். "முன்பக்கம்" என்று நீங்கள் சொல்வதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தச் சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது? சக்கரத்தின் வேகத்தோடா, எஞ்சினின் சுற்றோடா, ரோட்டின் மேடுபள்ளத்தோடா, காற்றோடா? இதற்கு விடை கிடைத்தால் சந்தேகப் பட்டியலில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும்.

கிளம்பும் முன் வண்டியைக் காலி செய்யுங்கள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, கதவுப் பையில் உருளும் பாட்டில், டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் சில்லறை, பின்சீட்டில் பிளாஸ்டிக்கைத் தட்டும் பெல்ட் கொக்கி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், அல்லது துணி சுற்றி இறுக்குங்கள். பிளாஸ்டிக் வீல் கவர் இருந்தால் நான்கையும் கழற்றி வைத்துவிடுங்கள். நான்கு சக்கரத்திலும் நட்டு இறுக்கமா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். சமீபத்தில் பஞ்சர் ஒட்டியிருந்தால் இது கட்டாயம். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள். டயர் இடுக்கில் ஜல்லி மாட்டியிருந்தால் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். 165/80 ஆர் 14 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர், 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு மூன்று முறைகூடச் சுற்றாது. ஆகவே மெதுவாகப் போகும்போது "டிக்... டிக்... டிக்" என்று எண்ணக்கூடிய கதியில் வந்தால் ஜல்லி, ஆணி, வீல் கவர் மாதிரி சக்கரத்தோடு சுற்றும் ஒன்றுதான் காரணம். உங்களுடையது தொடர்ச்சியான ரீங்காரம், எனவே அது இல்லை.

இனி ரோட்டுக்கு. நேராக, காலியாக இருக்கும் நான்குவழிச் சாலை, பகல் நேரம், பின்னால் வண்டி இல்லாத இடம். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் கேட்கட்டும். ஓட்டிக்கொண்டே குனிந்து காது கொடுப்பது கூடாது.

70-ல் சத்தம் தெளிவாகக் கேட்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள், ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். வண்டி உருண்டுகொண்டே வேகம் குறையும். சாவியை மட்டும் தொடவே கூடாது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்தச் சோதனை வேண்டாம். அதே வேகத்தில் மேனுவல் மோடில் ஒரு கியர் இறக்கி, சுற்று ஏறும்போது சத்தமும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

நியூட்ரலில் சத்தம் அப்படியே இருந்து, வேகம் குறையக் குறைய அதுவும் மெல்ல இறங்கினால் எஞ்சின் நிரபராதி. காற்றுச் சத்தத்தைத் தனியே வைத்தால் டயர், வீல் பேரிங் (சக்கரம் வழுக்கிச் சுற்ற உதவும் குண்டு வளையம்), பிரேக் இந்த மூன்றும்தான் மிச்சம். நான்காவதாக கியர்பாக்சுக்குள் இருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் பேரிங்கையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலிலும் அது சக்கரத்தோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும், பலர் இதை மறந்துவிடுவார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு குரல், விட்டால் வேறு குரல் என்று மாறினால் அந்தப் பக்கம் போகலாம்.

நியூட்ரலுக்கு வந்த நொடியிலேயே சத்தம் நின்றுவிட்டால் எஞ்சின், எஞ்சின் மவுண்ட், சைலென்சர் குழாய், கியர்பாக்ஸ் பக்கம். அதை உறுதி செய்ய, சத்தம் கேட்கும் அதே 70 கி.மீ. வேகத்தையே மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கியரில் ஓட்டுங்கள். வேகம் ஒன்று, சுற்று மூன்று. கியருக்குக் கியர் சத்தம் மாறினால் சுற்றோடு கட்டுண்டது. மாறாவிட்டால் சக்கரத்தோடு கட்டுண்டது.

60-க்கு மேல், தொடர்ச்சியாக, வேகத்தோடு ஏறும் "ஊ..." என்றால் பெரும்பாலும் சக்கரப் பக்கம்தான் விழும். அங்கே உண்மையான போட்டி இரண்டு பேருக்குள்: தேய்ந்த டயர், கெட்ட வீல் பேரிங். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி. தவறான ஆளைப் பிடித்தால் பேரிங் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும். அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

பிரித்துக் காட்டும் முதல் சாட்சி ரோடு. சொரசொரப்பான பழைய தார், வழவழப்பான புதுத் தார், சுங்கச்சாவடியை ஒட்டி வரும் கான்கிரீட் என்று தளம் மாறும் இடத்தில் ஒரே வேகத்தில் போங்கள். தளம் மாறியதும் குரலும் மாறினால் டயர். பேரிங்குக்குத் தளம் எதுவானாலும் ஒன்றுதான்.

இரண்டாவது சாட்சி எடை. 60-ல், உங்கள் பாதைக்குள்ளேயே, ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். நீளமான அலைபோல, வெடுக்கென்று அல்ல. இன்னும் நல்லது, நீண்ட வளைவுள்ள மேம்பாலம். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் தடித்து, வலப்பக்கம் திரும்பும்போது மெலிந்தால் வலப்பக்க பேரிங் மேல் சந்தேகம். எதிர்மாறாக இருந்தால் இடப்பக்கம். பெரும்பாலும் இந்தக் கணக்கு சரியாக வரும், ஆனால் எப்போதும் அல்ல. பேரிங்குக்குள் இரண்டு வரிசைக் குண்டுகள். உள்வரிசை கெட்டதா வெளிவரிசையா என்பதைப் பொறுத்து தலைகீழாகவும் பேசும். ஆகவே "திரும்பும்போது மாறுகிறது" என்பதை மட்டும் உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை ஜாக்கி போட்டுத் தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, பிரேக் பெடலை வேகம் குறையாத அளவுக்கு லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக் பேடு, அதை அழுத்தும் காலிபர் பக்கம் பாருங்கள். பேடு தேய்ந்தால் டிஸ்க்கை உரசுவதற்கென்றே சில பேடுகளில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதன் சத்தம் "ஊ" அல்ல, கூர்மையான "கீச்".

போனையும் பயன்படுத்தலாம். ஒலியின் அலைவெண்ணைக் கோடாகக் காட்டும் இலவசச் செயலிகள் நிறைய உண்டு. பக்கத்தில் இருப்பவர் 60-ல் ஒரு முறை, 80-ல் ஒரு முறை பதியட்டும். 60-ல் தெரிந்த சிகரம் 80-ல் மூன்றில் ஒரு பங்கு மேலே நகர்ந்திருந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. சிகரம் இருந்த இடத்திலேயே நின்று உயரம் மட்டும் கூடினால், சுற்றும் பொருளே அல்ல. ஏதோ ஒரு தகடு தன் இயல்பான அதிர்வெண்ணில் பாடுகிறது, அல்லது காற்று விசிலடிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் டயரைக் கையால் படியுங்கள். உள்ளங்கையை டிரெட்டின் ஓரக் கட்டிகள் மேல் வைத்து, சக்கரம் சுற்றும் திசையில் ஒரு முறை தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ஒவ்வொரு கட்டியும் விரலில் தட்டினால் டயர் ரம்பப் பல்லாகத் தேய்ந்திருக்கிறது. உள் ஓரத்தையும் விடாதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவைத்தால் முன்சக்கரத்தின் உள் ஓரம் கைக்கு எட்டும், பின்சக்கரத்துக்குக் குனிந்துதான் ஆக வேண்டும். டோ அளவு (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) தப்பியது, காற்று குறைவாகவே ஓடியது, ஷாக் அப்சார்பர் தளர்ந்தது, டயர்களை இடம் மாற்றாமலே விட்டது என்று இதற்குக் காரணங்கள் பல. இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்: அலைன்மென்ட் செய்தால் இந்தச் சத்தம் போகாது. தேய்ந்த வடிவம் தேய்ந்ததுதான். அலைன்மென்ட் அடுத்த டயரைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

டயர்தான் என்று தீர்ப்பு சொல்ல மிக மலிவான சோதனை, முன்டயர்களைப் பின்னாலும் பின்டயர்களை முன்னாலும் போடுவது. ஓரத்தில் அம்புக்குறி இருக்கும் டயர் என்றால் அதே பக்கத்துக்குள்ளேயே மாற்றுங்கள். பஞ்சர் கடையிலேயே முடிந்துவிடும். சத்தம் இடம் பெயர்ந்தாலோ குரல் மாறினாலோ டயர். கொஞ்சம்கூட மாறாவிட்டால் பேரிங்.

அடுத்து ஜாக்கி. சமதளம், முன்சக்கரத்தைத் தூக்குவதால் ஹேண்ட் பிரேக் முழுக்க இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கியர் நியூட்ரல். தூக்கியதும் அடியில் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி உடம்பை உள்ளே நுழைக்காதீர்கள். இடது கை விரல்களால் காயில் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுங்கள். நல்ல பேரிங்கில் பேடு உரசும் மெல்லிய "ஸ்ஸ்" மட்டும் கேட்கும், ஸ்பிரிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணல் அரைபடுவது மாதிரி ஒரு கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரல் நுனிக்கு வந்து சேரும். காதுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும் என்பதால்தான் ஸ்பிரிங்கைப் பிடிக்கச் சொல்வது. இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். ஒப்பீடு இல்லாமல் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. பின்சக்கரங்களையும் இப்படியே பாருங்கள். அப்போது ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கியரில் நிறுத்த வேண்டும்.

பட்டறையில் நடக்கும் பெரிய தவறும் இங்கேதான். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டம் இல்லை, பேரிங் நல்லா இருக்கு என்று முடித்துவிடுவார்கள். ஆட்டம் கடைசியில் வருவது. சத்தம் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிடும். குண்டு ஓடும் தடத்தில் ஒரு சின்னக் குழி விழுந்தாலே ரீங்காரம் தொடங்கிவிடும், அந்த நிலையில் சக்கரம் கொஞ்சமும் ஆடாது. வேகமாகப் போய்ப் பள்ளத்தில் இறங்கியது ஒரு காரணம். இன்னொன்று மழைநீர். சக்கர மையம் மூழ்கும் அளவுக்குத் தேங்கிய தண்ணீரில் ஓட்டினால் சீல் வழியாக நீர் உள்ளே போய், கிரீஸ் கெட்டு, தடத்தில் துரு விழும். சத்தம் அன்றைக்கே வராது, சில வாரங்களோ மாதங்களோ கழித்து வரும். அதனால் யாரும் மழையோடு இதை முடிச்சுப் போடுவதில்லை.

எஞ்சினை ஓட்டி, தூக்கிய ஒற்றைச் சக்கரத்தைக் கியரில் சுழலவிடும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். லிஃப்ட் இருக்கும் பட்டறையில் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஓடவிட்டு, வீல் பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கலாம். அங்கேயும் சக்கரத்தில் எடை இல்லாததால் மெல்லிய சத்தம் ஒளிந்துகொள்ள வாய்ப்புண்டு. ரோட்டிலேயே கேட்க, நக்கிள், காலிபர், லோயர் ஆர்ம் என்று கவ்வ வைக்கும் சின்ன மைக்குகள் கொண்ட கருவி இருக்கிறது. காருக்குள் உட்கார்ந்தபடி ஒவ்வொரு மைக்காக மாற்றிக் கேட்கலாம். அது இருக்கும் பட்டறை கிடைத்தால் விவாதத்துக்கே இடமில்லை.

எஞ்சின் சுற்றோடு வருபவர்களுக்குச் சுருக்கமாக. ஏசியைப் போட்டு அணைத்துப் பாருங்கள். மாறினால் கம்ப்ரசர், அதன் கிளட்ச். நின்ற வண்டியில், நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங். பெல்ட் கீச்சிட்டால் அதன் உள்பக்கத்தில் சில துளி தண்ணீர் விடுங்கள். கொஞ்ச நேரத்துக்குச் சத்தம் மாறினால் பெல்ட் அல்லது புல்லி நேராக இல்லை. மாறாவிட்டால் டென்ஷனர், ஐட்லர், ஆல்டர்னேட்டர் பேரிங்குகளைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது துப்பட்டா, தொங்கும் கயிறு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் அணைந்த பிறகும் தானாகச் சுற்றும். குறிப்பிட்ட ஒரு சுற்றில் மட்டும் "ஜ்ர்ர்ர்" என்று வந்தால் சைலென்சர் மேல் இருக்கும் வெப்பத் தகட்டின் போல்ட் துருப்பிடித்து விட்டிருக்கும். வண்டி ஆறிய பிறகு நீளமான ஸ்டீல் ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும்.

சின்ன மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது "டொக் டொக்" என்றால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வண்டி சாயாமல் பிடிக்கும் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கம்பி). ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி இதைச் சோதித்தால் பார் முறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தளர்வு தெரியாது. நான்கு சக்கரமும் தரையில் இருக்க, சக்கர இடுக்கில் கையை விட்டு ராடைப் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டதும் அதே "டொக்" நின்றால் லிங்க் ராடை விட்டுவிடுங்கள். பேடைப் பிடிக்கும் கிளிப் கழன்று போயிருக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "டொய்ங்" என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் பேரிங். முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது "கடக் கடக்" என்றால் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து வீல் ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும்.

காற்றுச் சத்தமா என்ற சந்தேகத்துக்கு மாஸ்கிங் டேப் போதும். சைடு மிரரின் அடி, முன்கண்ணாடி ஓரம், கதவு இடுக்கு, மழைத்தடுப்பு வைசர் என்று ஒவ்வொன்றாக ஒட்டி ஓட்டுங்கள். எதை ஒட்டியபோது நின்றதோ அதுதான். ஒரே ரோட்டில் போகும்போது ஒரு மாதிரியும் திரும்பி வரும்போது வேறு மாதிரியும் கேட்டால், எதிர்க்காற்றுதான் வித்தியாசம். பேனட்டுக்குள் எப்போதாவது வரும் மெல்லிய "டிக் டிக்" பெட்ரோல் ஆவி வால்வாக இருக்கலாம். சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி முனகுவது ஃபியூவல் பம்ப். இரண்டுமே நோய் அல்ல.

ஓட்டலாமா? மெல்லிய ரீங்காரம் மட்டும், நகருக்குள் மட்டும் என்றால் சில நாள் ஓட்டலாம். நெடும்பயணம் வேண்டாம். சத்தம் நாளுக்கு நாள் தடிக்கிறது, ஸ்டியரிங் நடுங்குகிறது, ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் கையைச் சுடுகிறது, சக்கரம் ஆடுகிறது: இதில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்தி, வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பட்டறையில் "சத்தம் வருது" என்று சொல்லாமல், "60-ல் ஆரம்பிக்கிறது, நியூட்ரலிலும் நிற்கவில்லை, இடது திரும்பினால் கூடுகிறது, டயர் மாற்றிப் போட்டும் மாறவில்லை" என்று எழுதிக் கொடுங்கள். மாற்றும் வேலையில் மூன்று விஷயத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பல சின்ன கார்களில் முன் பேரிங் நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றப்படுவது. அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், சுத்தியல் கூடாது. நக்கிளுக்குள் ஏற்றும்போது பேரிங்கின் வெளி வளையமான வெளி ரேஸில் அழுத்த வேண்டும், சக்கரம் மாட்டும் ஹப்பை ஏற்றும்போது உள் வளையமான உள் ரேஸுக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும். இடம் மாறி அழுத்தினால் அழுத்தம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், புது பேரிங் முதல் நாளே தடத்தில் குழியோடு ஓடத் தொடங்கும். பிரஸ் இல்லாத பட்டறை நக்கிளைக் கழற்றி லேத்துக்கு அனுப்பினால் அதில் தவறில்லை. இரண்டாவது, ஏபிஎஸ் உள்ள வண்டியில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருந்தால் அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் விளக்கு எரியும், மறுபடி கழற்றினால் பேரிங் வீண். மூன்றாவது, ஆக்சில் நட்டு புதிதாக இருக்கட்டும், அந்த மாடலுக்குச் சொன்ன அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்கட்டும். அது முடியும் முன் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி உருட்டினால் பேரிங்குக்கு அடி.

மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். ஷாக் அப்சார்பர் மாதிரி இதற்கு ஜோடிக் கணக்கு கிடையாது; மறுபக்க ஸ்பிரிங்கில் விரலுக்குக் கரகரப்பு தெரியாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.